குலுக்கலில் பெயர் விழாத படிக்கட்டு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

கட்டடப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தங்களுக்கு என் வணக்கம். செங்கல், சிமெண்ட், கம்பி ஆகியவற்றைப் பற்றி நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியது எதுவுமில்லை. தாங்கள் அவற்றைக் கல்லூரியில் படித்தீர்கள். நான் தலையில் சுமந்து படித்தேன். பாடம் ஒன்றுதான். நான் எழுத முற்படுவது, கட்டடம் முடிந்து, சாவிகள் வழங்கப்பட்டு, மாலையும் சந்தனமும் வாங்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் கடமை தீர்ந்ததென்று நிம்மதியடைந்த பிறகு வந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி. கட்டடங்களின் குறைகள் பெரும்பாலும் மாலை மரியாதைக்குப் பிறகே வெளிப்படுகின்றன என்பதைத் தாங்களும் போகப் போக அறிவீர்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டைகள் அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றை இடித்து, அந்த இடத்தில் நடுத்தர வருவாய்ப் பிரிவினருக்காக மூன்று தளங்கள் கொண்ட அடுக்கு வீடுகளை ஒரு சங்கம் கட்டியது. அதில் நான் மேற்பார்வையாளன். வேலை முடிந்த பின்னும் பராமரிப்புக்கென்று என்னை அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் வைத்துக்கொண்டார்கள். அடுக்கு வீடு என்பது அன்று எங்கள் வட்டாரத்துக்குப் புதுமை. மம்சாபுரத்திலிருந்தெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். வந்தவர்களில் ஒருவர் என்னிடம், "வீடு வாங்கியிருக்காக, சரி. மண்ணு எங்க இருக்கு?" என்று கேட்டார். மேலே இருக்கிறது என்றேன். அவர் மேலே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினோம். குலுக்கலுக்குப் பிறகு, சுவர்கள் எழும்புவதற்கு முன்பாக, ஒதுக்கீடு பெற்றோரின் கூட்டம் ஒன்று நடந்தது. கூடம் போதவில்லை, இரும்பு பீரோவை வைத்தால் நடக்க வழியில்லை என்பது எல்லாருடைய குறையும். ஓர் அடியாவது கூட்டித் தர வேண்டும் என்றார்கள். மனையின் அளவு கூடாது. ஆகவே அந்த ஓர் அடி எங்கிருந்தாவது எடுக்கப்பட வேண்டும். அடுக்களையைத் தொட அம்மையார்கள் விடவில்லை. படுக்கையறையைத் தொட ஐயாமார்கள் விடவில்லை. எஞ்சியது படிக்கட்டு. குலுக்கலில் படிக்கட்டுக்கு யார் பெயரும் விழவில்லை. ஆதலால் அதன் சார்பில் பேச அங்கே ஆளில்லை.

மதுரையிலிருந்து வந்திருந்த பொறியாளர் ஒருவர் மட்டும் அதன் சார்பில் எழுந்தார். "படியைக் குறுக்கினா பின்னாடி கஷ்டப்படுவீங்க" என்றார்.

"என்ன கஷ்டம் சார்?" என்று கேட்டவர், மேல்தளத்தில் வீடு விழுந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். நெடிய உருவம், கணீரென்ற குரல், எதையும் மூன்று காரணங்களோடு சொல்லும் பழக்கம் உடையவர்.

பொறியாளர் வாய் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் சொல்ல நினைத்தது எனக்கு விளங்கியது; அங்கிருந்த வயதானவர்கள் அனைவருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் புது வீட்டைப் பற்றிப் பேசும் சபையில், மேசை மேல் தாம்பூலத் தட்டு இருக்கையில், அந்தச் சொல்லை யார் சொல்வது? பொறியாளர், "சாமான் செட்டு ஏத்தணும்ல" என்றார்.

"அதக் கயித்தக் கட்டி ஏத்திக்கிடலாம்" என்றார் வாத்தியார். "படிக்கட்டுல யாரும் பாயை விரிச்சிப் படுக்கப் போறதில்ல. ஏற ஒராளு, எறங்க ஒராளு. எதுத்தாப்புல வந்தா ஒருத்தர் செத்த ஒதுங்கி நிக்கப் போறாக. இதுக்கு எதுக்கு சார் கல்யாண மண்டபம் மாதிரி இடம்?"

கைதட்டல் எழுந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லாக் கூடங்களும் ஓர் அடி வளர்ந்தன. படிக்கட்டு, ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு ஏறத் தக்க அளவுக்கு வந்து சேர்ந்தது.

குடியேறிய நாளில் பீரோக்களும் கட்டில்களும் வாத்தியார் சொன்னபடியே கயிற்றில் ஏறின. பால்கனியிலிருந்து ஆள் இழுக்க, கீழிருந்து ஆள் சத்தம் போட, பீரோக்கள் ஆடிக்கொண்டே அந்தரத்தில் போவதைத் தெருவே கூடி ரசித்தது. படிக்கட்டைப் பற்றி அதன்பின் ஒருவரும் நினைக்கவில்லை.

நிற்க.

இரண்டொரு வருடம் சென்றிருக்கும். ஒரு நாள் மாலை வாத்தியார் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உறவினர் வந்து இறங்கினார்கள். வாத்தியாரைக் கூடத்தில் ஒரு நீளப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கீழே வெட்டவெளியில் பாடை தயாராகிக்கொண்டிருந்தது. பாடை கீழே, வாத்தியார் மேலே. நடுவில் படிக்கட்டு.

அதே காலையில் தரைத்தள வீட்டில் நிச்சயதார்த்தம். அந்த வீட்டுக்காரர் ஒரு ஜவுளிக்கடையின் மேலாளர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. அவருடைய ஒரே மகளுக்குத் தளவாய்புரத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. அதற்கு முன் வந்த வரன்கள் பலவும் ஏதேதோ சகுனத்தைச் சொல்லித் தட்டிப்போயிருந்தன. ஒருவர் வரும் வழியில் பூனை கடந்ததாகச் சொன்னார். இன்னொருவர் பெண் காப்பி கொண்டுவந்தபோது பல்லி சத்தமிட்டதாகச் சொன்னார். இப்போது ஒரு பிணமே குறுக்கிட்டிருக்கிறது. அண்ணாச்சியின் முகம் வெளுத்திருந்ததில் வியப்பில்லை.

முதல் சிக்கல் அடுப்பில் ஆரம்பித்தது. பின்புறத்தில் சமையல்காரர்கள் பாயசத்துக்குப் பால் காய்ச்சத் தொடங்கியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் உறவினரில் ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கி வந்தார்.

"என்னய்யா இது? எங்க ஊர்ல தெருவுல ஒரு சாவுன்னா, எடுத்துக்கிட்டுப் போற வரைக்கும் ஒரு வீட்டுலயும் அடுப்புப் பத்த வைக்க மாட்டாக. கோயில்லகூட நட சாத்திருவாக. இங்கிட்டுப் பாயசம் கொதிக்கி!"

"தெருவுலதான அந்தச் சட்டம்? இது மாடி" என்றார் அண்ணாச்சியின் மனைவி. "அவிய வாசல் மேல இருக்கு, எங்க வாசல் கீழ இருக்கு. இதுல தெரு எங்க இருக்கு?"

"படிக்கட்டு எங்கம்மா போகுது? உங்க வாசலுக்குத்தான வருது? அப்போ அதுதான் தெரு."

"தெருன்னா முனிசிபாலிட்டில லைட்டுப் போட்டிருப்பாகளே. எங்க லைட்டு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். படிக்கட்டு தெருவா, வீடா என்பதை மேற்பார்வையாளன் சொல்ல வேண்டுமாம். கட்டட விதிகளில் இதற்கு விடை கிடையாது. சற்று நேரம் பாலை இறக்கி வைக்கும்படி சமையல்காரரிடம் சொன்னேன். தெரு என்றும் சொல்லவில்லை. வீடு என்றும் சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்லக் கூடாத வழக்குகள் சில உண்டு. அடுப்பை மட்டும் தணித்துவிட வேண்டும்.

அதற்குள் மேலேயிருந்து கூப்பிட்டார்கள்.

வாத்தியாரின் மூத்த மகனும் உறவினர் மூவரும் பெஞ்சைத் தூக்கிப் படியருகே கொண்டுவந்து பார்த்திருக்கிறார்கள். படி நேராக இறங்கியது, அதுவரை தொல்லையில்லை. ஆனால் நடுத்தளத்தில் இறங்கியதும் அப்படியே திரும்பி அடுத்த படிக்குப் போக வேண்டும். அங்கே அந்த நீளப் பெஞ்சைத் திருப்ப வழியில்லை. தரைத்தளத்திலும் அதே கதை. கடைசிப் படி இறங்கினால் எதிரே அண்ணாச்சி வீட்டு வாசல். வலப்பக்கம் திரும்பினால்தான் பொது வாசல். அந்தத் திருப்பத்தில் ஆள் திரும்பலாம், குடை திரும்பலாம். படுத்திருக்கும் மனிதர் திரும்ப முடியாது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நாற்காலியில் உட்கார வைத்து இறக்கலாம் என்றார் ஒருவர். உடம்பு விறைத்துவிட்டது என்று நினைவூட்டினார் இன்னொருவர். போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கினால் தலை படியில் இடிக்கும் என்றான் இளைய மகன். ஓர் உறவினர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "பீரோவ ஏத்துன மாதிரியே பால்கனி வழியா..." என்றார்.

வாத்தியாரம்மா அதுவரை ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், திரும்பினார். "எம் மனுசன் பீரோவாய்யா?"

யோசனை சொன்னவர் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"பெஞ்சோட நிமித்தி, நட்டமா எறக்கிரலாம்மா" என்றான் மூத்த மகன். "ரெண்டு நிமிசம். யாருக்கும் தெரியாது."

"நிக்க வச்சா? காலம்பூரா கரும்பலகைக்கு முன்னால நின்னே காலு வீங்கிப் போனவரு. இன்னைக்கும் நிக்கணுமா? படுத்தமேனிக்குக் கொண்டு போங்க. இல்லன்னா இங்கயே கெடக்கட்டும்." அவர் மறுபடியும் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவ்விடத்தில் தங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடி வந்தால் கூட்டத்தோடு நின்று யோசிக்காதீர்கள். கூட்டம் யோசிக்க விடாது. மொட்டை மாடியில் சாரத்துக்கு வைத்திருந்த மூங்கிலில் பெஞ்சின் நீளத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு நான் படியிறங்கினேன். நடுத்தளத்தில், படி முடியும் இடத்துக்கு நேரே குடியிருந்தவர் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் பாய். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாய், இந்த மூங்கில ஒரு முனையப் பிடிங்க" என்றேன். திருப்பிப் பார்த்தோம். சுவரில் இடித்தது. அவருடைய வாசலுக்குள் ஒரு முனையை விட்டுத் திருப்பினோம். குறுகலான தெருவில் லாரி பின்வாங்கித் திரும்புமே, அதுபோல் மூங்கில் அழகாகத் திரும்பிவிட்டது.

பாய் மூங்கிலையும் என்னையும் பார்த்தார். நான் கேட்பதற்குள், "கொண்டாரச் சொல்லுங்க" என்றார். உள்ளே பார்த்து, "ஏட்டி, கூடத்துல கெடக்கிறத ஒதுக்கு, வாத்தியார் வாராக" என்றார். பின் என் காதருகே, "நாளைக்கு நம்ம மய்யித்தும் இதே படியிலதான எறங்கணும்? இன்னைக்கு ஒத்திகை பார்த்துக்கிடுதேன்" என்றார். அந்தக் காலையில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மூங்கிலோடு கீழே போனோம். அண்ணாச்சி வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். நிலையில் புது மஞ்சள். யாரையும் கேட்காமல் மூங்கிலின் முனையை வாசலுக்குள் விட்டுத் திருப்பினேன். திரும்பியது; ஆனால் பாய் வீட்டில் போனதைவிட இங்கே அதிகமாக உள்ளே போக வேண்டியிருந்தது. முனை ஏறத்தாழ கூடத்தின் கால்வாசியைத் தொட்டது. விரித்து வைத்திருந்த ஜமுக்காளத்தின் ஓரம் வரை.

அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது.

"மேஸ்திரி! என்னய்யா பண்ணுதீரு?"

"வேற வழியில்ல அண்ணாச்சி."

"இன்னைக்கா? எம் புள்ளைக்கு நிச்சயம் பண்ணுத கூடத்துலயா? சாயங்காலம் வரைக்கும் பொறுக்கச் சொல்லும். வேணும்னா நான் போய் அவிய கால்ல விழுதேன்."

"உடம்பு தாங்காது அண்ணாச்சி. வெயில் ஏறுது."

"சாவு எதுக்க வந்தா நல்ல சகுனம்னு சொல்லுவாக. எனக்கும் தெரியும். இது எதுக்க வாறதா? வீட்டுக்குள்ள வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறதுய்யா!"

அவர் மனைவி அழத் தொடங்கினார். உள்ளறைக் கதவருகே, பட்டு உடுத்தி, தலை நிறையப் பூவோடு அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு பூனைக்கும் பல்லிக்கும் நின்ற அதே நிற்றல் என்று எனக்குத் தோன்றியது.

இரு பக்கமும் நியாயம் இருந்தது. நியாயம் இரு பக்கமும் இருந்தால் நியாயத்தைக் கொண்டு எதையும் தீர்க்க முடியாது. நான் என் கொட்டகைக்குப் போய், அஸ்திவாரம் குறிக்க வைத்திருந்த சுண்ணாம்புத் தூளில் ஒரு கை அள்ளி வந்தேன். ஜமுக்காளத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து, மூங்கில் முனை தொட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வெள்ளைக் கோடு ஒன்றைப் போட்டேன்.

"இது என்ன?" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கூட்டம் போட்டுப் படிக்கட்டுலருந்து இடம் எடுத்துக் கூடத்துல சேர்த்தோம்ல? அசல் வரைபடப்படி பார்த்தா இந்தக் கோடு வரைக்கும் படிக்கட்டு. கோட்டுக்கு அங்கிட்டுதான் உங்க வீடு. வாத்தியார் படிக்கட்டுல வந்து, படிக்கட்டுலயே திரும்பி, போயிருவாக. உங்க வீட்டுக்குள்ள வரவே மாட்டாக."

நாங்கள் படிக்கட்டிலிருந்து எடுத்தது ஓர் அடி. நான் போட்ட கோடோ அதைப் போல் மூன்று மடங்கு உள்ளே கிடந்தது. ஜவுளிக்கடையில் காலமெல்லாம் துணியை முழம் போட்டவருக்கு அது தெரியாமல் இருக்காது. அவர் கோட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அளவு நாடாவைக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"கோட்டத் தாண்டக் கூடாது" என்றார்.

"தாண்டாது."

"ஒரு பூ விழுந்தாலும் இங்கிட்டுதான் விழணும்."

"சரிங்க அண்ணாச்சி."

அவரே போய்த் தோரணத்தைக் கழற்றி, கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக வைத்தார். நான் கதவைக் கீலோடு கழற்றிச் சாய்த்தேன்.

வாத்தியார் இறங்கினார். படுத்தபடியே இறங்கினார். நடுத்தளத்தில் பாயின் வீட்டுக்குள் அவர் கால்மாடு நுழைந்தபோது, பாயின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். பாய் தானே ஒரு மூலையைத் தாங்கித் திருப்பி, அடுத்த படியில் விட்டார். வாத்தியாரம்மா மேல்படியில் நின்று, ஒவ்வொரு படிக்கும், "பையப்பா, பைய" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தரைத்தளத்தில் பெஞ்சு அண்ணாச்சியின் வாசலுக்குள் நுழைந்தது. கோட்டுக்கு முன்னால் நின்றது. ஒரு பூவும் தாண்டவில்லை. கால்மாட்டைப் பொது வாசல் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும்போது வெளியே வேன் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

தளவாய்புரத்தார், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. வெற்றிலைத் தட்டோடு பொது வாசலில் கால் வைத்தார். ஐயா, அம்மணி, அவர் கண்ட காட்சியைத் தாங்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கதவு கழற்றப்பட்ட பெண் வீட்டு வாசலிலிருந்து, மாலை போட்ட ஒரு பிணம் வெளியே வந்துகொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு பெண் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆத்தி!" என்றாள்.

தாய்மாமா ஒதுங்கி, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாத்தியார் கடந்து போகும் வரை தலை குனிந்து நின்றார். மரியாதை தெரிந்தவர். பெஞ்சு வெளியே போனதும் நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தார். குரல் கடுமையாக இல்லை. அதுவே பயமாக இருந்தது.

"இந்த வீட்டுச் சாவா?"

எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வரைபடம், அசல், தீர்மானம் என்று நாக்கில் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் முதல் முறையாகத் தரையிலிருந்து கண்ணை எடுத்துத் தன் தகப்பனாரைப் பார்த்தாள்.

அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். கூடத்துக்குள் கிடந்த வெள்ளைக் கோட்டைக் கையால் காட்டினார்.

"இல்லீங்க. மாடி வீட்டு வாத்தியார். பெரிய மனுசன், நல்ல சாவு. அந்தக் கோடு வரைக்கும் தெருங்க. கோட்டுக்கு அங்கிட்டுதான் எங்க வீடு."

தாய்மாமா கோட்டைப் பார்த்தார். நிலைவாசலைப் பார்த்தார். மறுபடியும் கோட்டைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்பதை நான் அறியேன். இதுநாள் வரை ஊகித்தும் அறிய முடியவில்லை. வெளியே சங்கு ஊதினார்கள். அவர் வேனின் பக்கம் திரும்பி, "எதுக்க வந்திருக்கு. நல்ல சகுனம். எல்லாரும் எறங்குங்க" என்றார்.

பிறகு வெற்றிலைத் தட்டோடு நிலைவாசலைச் செருப்புக் காலோடு தாண்டிக் கூடத்துக்குள் நடந்து, கோட்டின் அருகே நின்று, அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்குள் கால் எடுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் அவ்வாறே செய்தார்கள்.

அடுத்த கட்டடத்தின் வரைபடம் தங்கள் மேசைக்கு வரும்போது, சபையில் சொல்லத் தயங்கும் அந்தச் சொல்லைத் தாங்களாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அவ்வளவே. படிக்கட்டு வரைபடங்கள் இருக்கும் அலமாரியில் இந்தத் தாள்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.